இடது ஏழு, வலது நாலரை

கண்ணை வைத்த உடனே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் சரியில்லை.

மலை உச்சிப் பூங்காவின் விளிம்பில், தடுப்புக் கம்பிக்கு முன்னால், ஓர் இரும்புத் தூணின் தலையில் அந்த இரட்டைக்குழல் தொலைநோக்கி இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக் குனிந்து, தாடையை அதற்கென்று இருந்த தகட்டில் வைத்து, முதலில் மங்கலாகத்தான் தெரியும், பிறகு வளையத்தைத் திருகிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் பார்த்தாள். மங்கலே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர் கழுவித் துடைத்து வைத்ததுபோல் எதிரே வந்து நின்றது. படகுத்துறை தெரிந்தது. சந்தைக் கூரை தெரிந்தது. அதற்குப் பின்னால் அவளுடைய கண்ணாடிக் கடையும், கதவில் அவள் எழுதி ஒட்டிவிட்டு வந்த 'இன்று விடுமுறை' என்ற காகிதமும், அதில் ஒரு மூலை பிரிந்து காற்றில் ஆடுவதும்கூடத் தெரிந்தன.

வேறு யாராக இருந்தாலும் கைதட்டியிருப்பார்கள். அவள் பதினான்கு வருடமாக ஊரார் கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவள். அவளுக்கு இடது கண் மைனஸ் ஏழு, வலது கண் மைனஸ் நாலரை. "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனா பேச்சுவார்த்தை கிடையாது" என்று வாடிக்கையாளர்களிடம் தன் கண்ணைத் தானே கேலி செய்வாள். போதாததற்கு இரண்டிலும் ஒரு சாய்வு. எந்த வளையத்தைத் திருகினாலும் தீராத சாய்வு அது. அந்தக் கண்ணை அளந்து, அந்தக் கோணத்துக்கே வெட்டிய லென்ஸ் இருந்தால் ஒழிய, அவளுக்கு உலகத்தில் எந்தக் குழாய் வழியாகவும் நேர்க்கோடு நேராகத் தெரியாது. இப்போது கொடிக்கம்பம் நேராக நின்றது. படகின் பாய்மரம் நேராக நின்றது.

"தெரியுதா?" பின்னாலிருந்து அவளுடைய கணவர் கேட்டார்.

"ரொம்பத் தெளிவா."

"ரெண்டு கண்ணுலயும்?"

"ரெண்டு கண்ணுலயும்தாங்க."

அப்படி யாரும் கேட்பதில்லை. கண் சோதிக்கிறவள் கேட்கலாம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்கு என்ன வந்தது? அவள் முகத்தை எடுத்தாள். கண்ணைச் சுற்றி அழுத்தியிருந்த ரப்பர் வளையங்கள் லேசான சத்தத்தோடு விடுபட்டன. அப்போதுதான் உறைத்தது: அந்த ரப்பர் சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை, காலையிலிருந்து வானம் மூடிக்கிடக்கிறது. யாரோ இவ்வளவு நேரம் முகத்தை வைத்திருந்து இப்போதுதான் எழுந்து போன சூடு. நெற்றி படும் தோல்பட்டையில் தலையெண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை அடித்தது, பல நாள் கழுவாத தலையின் வாசனை. அவர்கள் மேலே வந்து அரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் வேறு யாரும் இந்தப் பக்கம் வரவில்லை.

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு திரும்பினாள். அவர் கல் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"தூசி. காத்துல தூசி."

காற்றே இல்லை. ஆனால் அன்றைக்கு அவர்களுடைய மூன்றாவது திருமண நாள். மனுஷன் நெகிழ்ந்துபோயிருக்கிறார், அதையும் துருவிக் கேட்டு அசிங்கப்படுத்துவானேன் என்று அவள் விட்டுவிட்டாள். அப்படி விட்டுக்கொடுப்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

அவர்கள் சந்தித்ததே ஒரு கண்ணாடியால்தான். நாலு வருடத்துக்கு முன்னால், மழை ஓயாத ஒரு மத்தியானம், அவர் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பழைய கண்ணாடியோடு கடைக்குள் வந்தார். காது மாட்டும் கம்பி ஒன்று இல்லை, இடது லென்ஸில் கீறல். "தங்கச்சியோடது. வெளிநாட்டுல இருக்கா. இதே மாதிரி ஒண்ணு வேணும்," என்றார். அவள் அதைப் பவர் அளக்கும் கருவியில் வைத்தாள். இடது ஏழு. வலது நாலரை. சாய்வுக் கோணத்தைப் பார்த்ததும் சிரித்தே விட்டாள்.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"இதே பவர்ல வேற யாருக்காவது போட்டிருக்கீங்களா?" அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

ஒருத்தர் கண் விவரத்தை இன்னொருத்தரிடம் சொல்லக்கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். அடுத்தவர் கண்ணைத்தானே சொல்லக்கூடாது, தன் கண்ணைச் சொன்னால் என்ன? பத்து வருட அனுபவத்தில் இப்படி ஒரு பொருத்தத்தை அவள் பார்த்ததில்லை. அதை யாரிடமாவது காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. தன் கண்ணாடியைக் கழற்றிக் கருவியில் வைத்து, எண்களை அவர் பக்கம் திருப்பினாள். "ஒருத்தி இருக்கா. இதோ பாருங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார். தன்னைத்தான் பார்த்தார் என்று அவள் இந்த நாலு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அவர் முகம் ஒரு வெளிர்ப் புகையாகத்தான் இருந்தது.

மறுநாள் திருகாணி கழன்றது என்று வந்தார். அதற்கு மறுநாள் மூக்கில் அழுத்துகிறது என்று வந்தார், அவர் கண்ணாடியே போடாதவர். எட்டு மாதத்தில் கல்யாணம். "ஒருத்தன் கண்ணாடி உடைஞ்சுதுன்னு எல்லாமா ஒருத்தி கழுத்த நீட்டுவா? இன்னும் ரெண்டு நாள் கழிச்சுக் கட்டில் கால் உடைஞ்சவன் வந்திருந்தா என்னடி பண்ணியிருப்ப?" என்று அக்கா கேட்டாள். அந்தத் தங்கை கல்யாணத்துக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம்.

நல்ல கணவர்தான், குறை சொல்ல முடியாது. அவள் கண்ணாடி அழுக்காகவே இருந்ததில்லை. காலையில், சாப்பிட உட்காரும்போது, தெருவில் நடக்கும்போது, "கொடு, துடைச்சுத் தரேன்" என்று கையை நீட்டுவார். சட்டை நுனியால் துடைப்பார். "சட்டைத்துணியில துடைச்சா கீறல் விழும்னு எத்தனை தடவ சொல்றது?" என்று திட்டிக்கொண்டேதான் அவள் கழற்றிக் கொடுப்பாள். துடைத்ததும் "போட்டுக்கோ" என்பார். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு நாள் முழுக்க ஓடும்.

கடை வாசலில் நின்றால் இந்தத் தீவு தெரியும். பச்சைக் கூம்பு மாதிரி ஒற்றை மலை, உச்சியில் பூங்கா. போகலாம் போகலாம் என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவர் எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டார். போன வாரம் அவரே டிக்கெட் வாங்கி வந்து நின்றார். "எனக்கும் இதுதான் முதல் தடவ," என்றார் படகில்.

தீவின் துறையில் ஒரு கரும்பலகை வைத்திருந்தார் படகுக்காரர். மேலே போகிற ஒவ்வொரு தலைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு. திரும்பி வந்தால் கோட்டை அழிப்பார். "கடைசிப் படகு அஞ்சரைக்கு. பயப்படாதீங்கம்மா, பலகையில ஒத்தக் கோடு இருந்தாலும் கயித்த அவுக்கமாட்டேன். நான் வந்த இந்த அஞ்சு வருஷத்துல ஒருத்தரையும் விட்டுட்டுப் போனதில்ல," என்று அவர்கள் இருவருக்கும் இரண்டு கோடு போட்டார்.

முதல் தடவை வருகிறவர் இருநூறு படிகளையும் தரையைப் பார்க்காமலேயே ஏறினார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஓரிடத்தில், அவள் காலை எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே, "அந்தப் படி ஆடும், பாத்து," என்றார். ஆடியது. அப்போது அவள் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டாள்.

பெஞ்சில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நாலே முக்கால். முந்தின படகில் வந்திருந்த குடும்பம் குழந்தைகளோடு அப்போதே இறங்கிப் போய்விட்டது. ஊஞ்சல்கள் காலியாகத் தொங்கின. பூச்செடிகளுக்கு நடுவே சரளைக்கல் பாதையைக் கூட்டிக்கொண்டு வந்தாள் பூங்காவில் வேலை செய்யும் அம்மாள். அகலமான துடைப்பம், சர், சர் என்று ஒரே தாளம். இவர்களைப் பார்த்ததும் தாளம் நின்றது.

"வந்தாச்சா," என்றாள் அவரைப் பார்த்து. "இவங்களுக்காவது தெரிஞ்சுதா?"

"நீங்க வேற யாரையோ நினைச்சுட்டுப் பேசறீங்க," என்றார் அவர். காது மடல் சிவந்துவிட்டது.

அந்த அம்மாள் அவள் முகத்தை, குறிப்பாக அவள் கண்ணாடியை, ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை இழுத்துக்கொண்டு போனாள். சர், சர்.

இவங்களுக்காவது. அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றிய பயம் எல்லா மனைவிகளுக்கும் வருகிற சாதாரணப் பயம்தான். வேறு பெண்களை இங்கே கூட்டிவந்திருக்கிறார். திருமண நாள் என்று அவளையும் அதே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார். முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, துடைப்பச் சத்தத்தைத் தேடிக்கொண்டு போனாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அந்த அம்மாள் இலைகளைக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இங்க எத்தனை தடவ வந்திருக்காரு?"

"எனக்கெதுக்கும்மா வம்பு?"

"நான் அவரு பெண்டாட்டி. தெரிஞ்சுக்கணும்."

"அவங்களும் அதத்தான் சொன்னாங்க, முதல்ல வந்தவங்க." அந்த அம்மாள் நிமிரவில்லை. "ஏழு வருஷம் இருக்கும். உங்கள மாதிரியே தடிமனாக் கண்ணாடி. ரெண்டு பேரா ஏறினாங்க. அவரு மட்டும் இறங்கினாரு."

"அவங்க?"

"இறங்கல."

"விழுந்துட்டாங்களா? செத்துட்டாங்களா?"

"இறங்கலம்மா. அவ்வளவுதான் சொல்லுவேன். அப்புறம் ரெண்டு பொண்ணுங்களக் கூட்டியாந்தாரு, வேற வேற வருஷத்துல. அதுங்களுக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுது. சும்மா இறங்கிப் போயிட்டாங்க, புண்ணியவதிங்க." அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "நீங்க கண்ணு வெச்சுட்டீங்களா?"

"வெச்சேன்."

"தெளிவாத் தெரிஞ்சுதா?"

அவள் தலையாட்டினாள். அந்த அம்மாள் குவித்த இலையை அப்படியே விட்டுவிட்டு, துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ வைக்காதீங்க. கண்ணாடியக் கழட்டாதீங்க. இப்பவே நேரா இறங்குங்க, படகுல போய் உட்காருங்க. என்ன கேட்டாலும் சரி, யார் கேட்டாலும் சரி." சொல்லிவிட்டுப் பின்பக்க வேலிக்கதவு வழியாக வேகமாகப் போய்விட்டாள். வயதானவளுக்கு அவ்வளவு வேகம் எப்படி வந்தது என்றுதான் முதலில் தோன்றியது.

அவள் திரும்பி வரும்போது அவர் தொலைநோக்கியின் பக்கத்தில் நின்று, தூணில் ஒரு கையை வைத்திருந்தார். தட்டிக்கொடுப்பது போல் இருந்தது அந்தக் கை. ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அந்தக் கண்ணாடி யாரோடது?"

"எந்த..."

"கைக்குட்டையில சுத்திட்டு வந்தீங்களே. உங்க தங்கச்சியோடதா?"

மரங்களில் இலை அசையவில்லை. கீழே எங்கோ அலை பாறையில் மோதும் சத்தம் மட்டும் நேரம் தவறிய கடிகாரம்போல் கேட்டது.

"என் மனைவியோடது," என்றார்.

"உயிரோட இருக்காங்களா?"

"இருக்கா."

"எங்க?"

அவர் தூணிலிருந்து கையை எடுக்கவில்லை. அவளுக்குள் நாலு வருடம் ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் புரண்டது. திருகாணி கழன்றது, மூக்கில் அழுத்தியது, மழையில் நனைந்துகொண்டு கடை மூடும்வரை காத்திருந்தது. தினம் தினம் துடைத்துக் கொடுத்தது. ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதைத் துடைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். அவர் தேடியது இரண்டு எண்களை. எண்ணோடு கூடவே அவள் வந்துவிட்டாள்.

"என் கண்ணுக்காகவா என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

"உன்னையும் எனக்குப் பிடிக்கும்," என்றார். குரல் உண்மையாகவே உடைந்தது. "சத்தியமா. உன்னையும் பிடிக்கும்."

உன்னையும். அவள் செருப்பால் அடிபட்டவள் மாதிரி நின்றாள். இத்தனை நாள் 'நீங்க' என்று கூப்பிட்ட வாயில் வேறு சொல் வந்தது.

"நீ ஒரு மனுஷனா?" என்றாள்.

திரும்பி நடந்தாள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக அவமானம் வந்தது. அக்காவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? பரவாயில்லை, நிற்கலாம். அக்கா வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டில் இருக்கிறது, கால் உடையாத கட்டில். படகில் ஏறி உட்கார்ந்தால் போதும். மணி ஐந்து. இருநூறு படி, பத்து நிமிடம். பலகையில் அவள் பேருக்கு ஒரு கோடு இருக்கிறது, அது அழியாமல் கயிறு அவிழாது. அந்தச் சாக்பீஸ் கோட்டை நினைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

இருபது படி இறங்கியிருப்பாள். மலையின் பக்கவாட்டிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. மழையாகவும் இல்லாமல் புகையாகவும் இல்லாமல் ஈரமாக முகத்தில் ஒட்டியது. கண்ணாடி மேல் நீர்த்துளிகள் பொடிப்பொடியாகப் படர்ந்தன. உள்பக்கம் அவள் அழுத சூட்டில் ஆவி பிடித்தது. படியின் விளிம்பு மறைந்தது. கைப்பிடிக் கம்பியைத் தடவினாள். ஈரமாக, துருப்பிடித்து, ஓரிடத்தில் இல்லாமலே போயிற்று. காலால் துழாவினாள்.

பின்னால் காலடி.

"பாத்து. அந்த ஆடற படி வருது," என்றான்.

"கிட்ட வராத."

"வரல. நீ போ. படகுல போ, நான் தடுக்கமாட்டேன்." நிஜமாகவே களைத்துப்போன குரல். "ஆனா இப்படியே இறங்கினா விழுந்துடுவ. கொடு, துடைச்சுத் தரேன்."

இதைத்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை. அவன் பிடுங்கவில்லை. ஏமாற்றிக்கூட வாங்கவில்லை. கண்ணாடியைக் கழட்டாதே என்று சொன்ன குரல் காதில் இருந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மூன்று வருடமாகத் தினம் நாலு தடவை அந்தச் சொல்லுக்குப் பழகிய கை, மனசு வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், காதுக்குப் பின்னால் போய், கண்ணாடியைக் கழற்றி, அவன் கையில் வைத்துவிட்டது.

உலகம் கரைந்தது.

சாம்பல் நிறம். அதில் கொஞ்சம் கறுத்த சாம்பல் அவன். துணியில் கண்ணாடி தேய்க்கும் சன்னமான கீச்சுச் சத்தம் கேட்டது. வீட்டில் கேட்ட அதே சத்தம். கீச். கீச். அது மேலே நகர்ந்தது. ஒரு படி. இன்னொரு படி.

"கொடு."

கீச். கீச்.

"ஏங்க, கொடுத்துடுங்க." 'நீங்க' தானாகத் திரும்பி வந்துவிட்டது. அவளுக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது. "படகுக்கு நேரமாச்சு. நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன். கண்ணாடியக் கொடுங்க."

கையாலும் காலாலும் படிகளைத் தொட்டுத் தொட்டு அந்தச் சத்தத்தின் பின்னால் ஏறினாள். சரளைக்கல் காலில் குத்தியது. உச்சிக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது. எதிரே சாம்பலில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கறுப்பு, தூண். அதன் பக்கத்தில் அவன்.

கீச்சுச் சத்தம் நின்றது.

"போட்டுக்கோ," என்றான்.

அவள் கையை நீட்டினாள்.

கையில் எதுவும் விழவில்லை.

யாரோ மூச்சு விட்டார்கள். நீண்ட மூச்சு, வெகுநாள் பிடித்து வைத்திருந்த மூச்சு. அவன் நின்ற பக்கத்திலிருந்து இல்லை. அவளுக்கும் தொலைநோக்கிக்கும் நடுவிலிருந்து. கழுவாத தலையின் எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது.

"நடக்க முடியுமா?" அவன் கேட்டான்.

வெறும் கால்கள் சரளைக்கல்லில் உரசின. நடை மறந்துபோன கால்கள். ஒரு துணியோ, தலைமுடியோ, அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டு கடந்தது. ஈரமாக இருந்தது. பிறகு செருப்புக் காலும் வெறுங்காலுமாகப் படியிறங்கும் சத்தம். "பாத்து. அந்தப் படி ஆடும்," என்று அவன் சொல்வது கேட்டது. அவளிடம் சொன்ன அதே அக்கறையோடு.

கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள், திட்டிக் கத்தினாள். பனி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே இறங்கலாம், குழந்தைகள் இறங்குவது போல. கையை ஊன்றி ஒரு படி. இன்னொரு படி. எண்ணினாள். பத்து. இருபது. ஆடும் படி ஆடியது. நல்லது. நாற்பது. அறுபது. பலகையில் கோடு இருக்கிறது. கோடு இருக்கிறவரை கயிறு அவிழாது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டாவது படிக்குக் கையை நீட்டினாள்.

விரல்களில் இரும்பு பட்டது. குளிர்ந்த, உருண்ட தூண்.

மேலே தடவினாள். தாடைத் தகடு. தோல்பட்டை. ரப்பர்.

திரும்பி ஓடினாள், விழுந்தாள், மறுபடி உட்கார்ந்து இறங்கினாள். இந்தத் தடவை முப்பது படிதான். தூண். இன்னொரு தடவை. ஒன்பது படி. தூண். அடுத்த தடவை எழுந்து நின்று காலை வைத்தாள். நெற்றி தோல்பட்டையில் இடித்தது.

கீழே படகு ஒருமுறை ஊதியது.

போகமாட்டார்கள். இரண்டு கோடு. ரெண்டு பேர் ஏறினோம். படகுக்காரர் கேட்பார். எங்கே அந்த அம்மா என்று கேட்பார்.

இரண்டாம் முறை ஊதியது.

அவன் நிஜமாகவே போகிறானா? ஒருமுறை திரும்பியாவது பார்க்கிறானா? வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை அந்த நேரத்தில். வைக்காதே என்று சொன்னது தெரியும். தெரிந்தேதான் குனிந்தாள். கட்டியவன் இன்னொருத்தியோடு போகிறான், அதைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பெண்ணால் இருக்க முடியும்? தாடையைத் தகட்டில் வைத்தாள். நெற்றியை முட்டினாள்.

தெளிவு. கண் கூசும் தெளிவு. பனியே இல்லை.

துறை. கரும்பலகை. படகுக்காரர் ஈரத்துணியோடு நிற்கிறார். எதிரே அவன். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். முழங்கால்வரை முடி. உடம்பில் சதையே இல்லை. முகத்தில் அவளுடைய கண்ணாடி. மைனஸ் ஏழு, மைனஸ் நாலரை. அந்தப் பெண் படிகளைப் பார்க்கிறாள், கயிற்றைப் பார்க்கிறாள், தன் விரல்களைப் பார்க்கிறாள். எல்லாம் தெரிகிறது அவளுக்கு.

படகுக்காரர் நிமிர்ந்து எண்ணினார். ஒன்று, இரண்டு. பலகையில் இரண்டு கோட்டையும் அழித்தார்.

கயிறு அவிழ்ந்தது.

படகின் பின்பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். கடல் நீர் தெறித்தது. அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். அவன் கையை நீட்டினான். அவன் உதடுகள் அசைந்ததை அவள் படித்தாள், படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கொடு, துடைச்சுத் தரேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றியதும் அவள் கண்கள் தெரிந்தன. அவற்றைச் சுற்றி ரப்பர் வளையத்தின் தடம் எலும்புவரை பதிந்திருந்தது. மேலே இமை இல்லை. கீழேயும் இல்லை.

அவன் மலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போதும். பார்த்தாயிற்று. முகத்தை எடுத்தாள்.

முகம் வரவில்லை.

ரப்பர் மெதுவாகச் சூடேறிக்கொண்டிருந்தது. பின்மண்டையில் ஓர் உள்ளங்கை வந்து படிந்தது, பரிவாக, அதிகம் அழுத்தாமல், சரியான இடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டது. கடையில் நாள் முழுக்க அவள் சொல்கிற வார்த்தைகள், அவளுடைய குரலிலேயே, காதுக்கு மிக அருகில் கேட்டன.

"தாடைய நல்லா வைங்க. அசையாம நேராப் பாருங்க."

கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தாள். அதற்குள், கான்டாக்ட் லென்ஸ் போட வருகிறவர்களுக்கு அவள் தூக்கிப் பிடிப்பது போலவே, குளிர்ந்த விரல்கள் இரண்டு அவள் இமைகளைப் பிடித்து மேலே இழுக்க ஆரம்பித்தன.